கொக்கட்டித்தீவின் ஒன்பதாவது முடிச்சு

பின்னேரம் ஐந்து மணி. வாகரைக்கு அங்கால், பெரிய ரோட்டை விட்டுக் களப்புப் பக்கம் இறங்கும் மண் பாதை. இரண்டு பக்கமும் முள்ளுப் பற்றை. வீடு இல்லை. கடை இல்லை. எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை... நடுப்பாதையில் யானை லத்தி மட்டும், இன்னும் ஆவி பறக்க. அதைச் சுற்றிக்கொண்டு ஒரு வேன் ஊர்ந்து போகிறது. வேனுக்குள் ஒன்பது பெண்கள்.

ஒன்பது. இந்த எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

பின்கதவைச் சாத்தியாயிற்றா? சரி... கிட்ட வந்து இருங்கள். இது எவருக்கோ எங்கேயோ நடந்தது இல்லை. கல்முனையில் நமக்கெல்லாம் பழக்கமான சித்தி லைலா இருக்கிறாளே, அவளுடைய மூத்த மகளுக்கு நடந்தது. முஸ்பிறாவுக்கு.

முஸ்பிறா வேனின் கடைசி ஆசனத்தில், கூடாரப் பொதிகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். முன்னுக்கு, கையில் பட்டியலோடு இருந்தவள் அவளுடைய தங்கை அம்ஹா.

"தண்ணிக் கேன் ஆறும் ஏத்தின? பாய்? நுளம்புச் சுருள்?"

"எல்லாம் இரிக்கி. ஒன்ட வாயும் இரிக்கி. பேசாம வா," என்றாள் நஸ்லியா. இவள் அம்ஹாவோடு படித்தவள்.

வேன் சிரித்தது. முஸ்பிறா சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்றால், அந்தப் பயணம் அவளுடையது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். நாலு வருடத்துக்கு முதல் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, நம்முடைய பக்கத்துப் பெண்கள் குறைந்த செலவில் எங்கே போய்த் தங்கலாம் என்று எழுதத் தொடங்கியவள் அவள். ஆண்கள் எட்டிப் பார்க்காத இடம் வேண்டும். தொழுகைக்கு முன் கை கால் கழுவி உளுச் செய்யத் தண்ணீர் வேண்டும். தாங்களே சமைக்கிற அடுப்பு வேண்டும். அறை எடுத்தால் கட்டாது, கூடாரம்தான் சரி. எல்லாம் எழுதியிருந்தாள். முதல் பக்கத்தில் முதல் பெயர், கொக்கட்டித்தீவு. களப்புக்கு நடுவில் வேட ஆட்களுக்குச் சொந்தமான தீவு.

எழுதி வைத்தவள் முஸ்பிறா. எழும்பிப் போனவள் அம்ஹா. பஸ் ஏறி மூன்று தரம் போய், தீவுக்காரரோடு சப்பணம் போட்டு இருந்து, அவர்கள் அவித்துத் தந்த கிழங்கைத் தின்று, கதைத்து, அனுமதி வாங்கி வந்தாள். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் திறந்தாள். இப்போது கல்முனை பஸாரில் எந்தப் பெண் கண்டாலும் முஸ்பிறாவிடம் ஒரே கதைதான். "ஒங்கட தங்கச்சி கெட்டிக்காரி." அந்தச் சொல் மீன் முள்ளு மாதிரி. விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது.

சித்தி லைலாவுக்கு மூத்தவளின் குணம் தெரியும். சின்ன வயதில் மைலோ கோப்பையைத் தங்கையின் கோப்பையோடு பக்கத்தில் வைத்து, குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து அளந்து பார்க்கிற பிள்ளை. அதற்காகவே அந்தத் தாய் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பெருநாளைக்கு எது வாங்கினாலும் ஒரே துணியில் இரண்டு துண்டு. ஒரே நிறம், ஒரே அளவு. கலியாணம் முடித்து, சீதன வீட்டில் குடியிருந்து, ஆறு வயதில் ஒரு மகள் இருந்தும் முஸ்பிறாவுக்கு அந்த வழக்கம் நிற்கவில்லை. அன்றைக்கும் அக்கா தங்கை இரண்டு பேரின் தோளிலும் ஒரே சால்வை. பச்சை நிறம், வெள்ளைப் பொடிப் பூ.

துறையில் ஓலைக் குடில் ஒன்று. வாசலில் நின்றவள் கேதீஸ்வரி. தீவு அவளுடைய ஆட்களின் தீவு. ஹோட்டல் கட்டக் கேட்டு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பியவள். கோடையில் மட்டும், கூடாரம் போடுகிறவர்களுக்கு விடுவாள். அதுவும் கூட்டி வருகிற பொறுப்பு, வருடத்துக்கு ஒருவருக்குத்தான்.

கையில் ஒரு கயிறு வைத்திருந்தாள். தேங்காய்த் தும்புக் கயிறு. புகை பிடித்துக் கறுத்தது.

"போற ஆள் அவங்கவங்கட துணியில ஒரு கீற்றுக் கிழிச்சி இதில முடிச்சுப் போடோணும். நாளைக்கு வந்து அவங்கவங்கட கையால அவிழ்க்கோணும். தங்கச்சிக்குத் தெரியும், மத்தவங்களுக்குச் சொல்றன்."

"அவிழ்க்க மறந்தா?" நஸ்லியா கேட்டாள்.

"முடிச்சு இருந்தா ஆள் தீவில. அவிழ்ந்தா ஆள் வந்திட்டு. அவ்வளவுதான்கா கணக்கு."

"ஆருட கணக்கு? ஒங்கடயா?"

கேதீஸ்வரி களப்பைப் பார்த்தாள். "எனக்கென்ன கணக்கு. நான் கயித்தைப் பிடிக்கிறவள்." பிறகு அம்ஹாவைப் பார்த்துச் சொன்னாள், "கணக்குப் பிசகினா அடுத்த வருசம் வேற ஆளுக்குத்தான் கொடுக்கிற. அதில எனக்குக் கண்ணு மூக்கு இல்ல."

வேற ஆள்... முஸ்பிறாவின் நெஞ்சுக்குள் அந்தச் சொல் விழுந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

பெண்கள் சிரித்துச் சிரித்துச் சால்வை ஓரங்களைக் கிழித்தார்கள். ஏழு முடிச்சு. எட்டாவதாக முஸ்பிறா. மற்றவர்களின் முடிச்சோடு ஒட்டாமல், ஒரு சாண் தள்ளிக் கட்டினாள். கூட்டி வந்தவள் கடைசியில் கட்டுவது வழக்கம் என்று அம்ஹா ஒன்பதாவதாகக் கயிற்றைக் கையில் எடுத்தாள். தங்கை குனிந்து கட்டுவதை முஸ்பிறா பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு களப்பைப் பார்த்தாள். அந்தத் திருப்பல் ஒன்றுதான்... அதில்தான் எல்லாம் போயிற்று.

கயிற்றைக் குடிலுக்குள் தொங்கவிட்டுவிட்டு எல்லாரும் தோணிக்கு இறங்கினார்கள். கேதீஸ்வரியின் தம்பி வினோஜ் எஞ்சினை இழுத்தான்.

"என்ட மூக்குக் கண்ணாடி," என்றாள் முஸ்பிறா. "குடிலுக்க வெச்சிட்டன். இந்தா வாறன்."

கண்ணாடி அவளுடைய பைக்குள் இருந்தது.

குடிலுக்குள் இருட்டு. காய்ந்த மீன், விறகுப் புகை, தேன் மெழுகு... மூன்று மணமும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏறின. கயிறு ஆணியில் தொங்கியது. விரலால் தடவிக்கொண்டு போனாள். பச்சைக் கீற்று ஒன்று, அதற்கு அடுத்தாற்போல் இன்னொன்று. இரண்டும் ஒரே துணி. கடைசியில் இருப்பது கடைசியில் கட்டியவளுடையது. அவள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. நாளைக்கு ஒரு முடிச்சுக் குறைய வேண்டும். அம்ஹா எல்லாருக்கும் முன்னால் முழுசிக்கொண்டு நிற்க வேண்டும். கேதீஸ்வரி வேறு ஆளைத் தேட வேண்டும். கொப்பி வைத்திருக்கிற ஆளை.

கடைசி முடிச்சை அவிழ்த்தாள். நல்ல இறுக்கம். பல்லால் கடித்துத்தான் இளக்க வேண்டியிருந்தது. வாயில் உப்பு. கீற்றைச் சுருட்டி, வழியில் கண்டல் மரத்து வேருக்கு இடையில் தண்ணீரில் போட்டாள். அது மிதக்கவில்லை. கல்லுப் போலத் தாழ்ந்தது.

தீவில் இறங்கும்போது சூரியன் விழுந்துகொண்டிருந்தது. கூடாரம் அடித்தார்கள். முஸ்பிறா சால்வையைக் கழற்றி ஒரு மரக்கொப்பில் போட்டுவிட்டு உளுச் செய்தாள். அம்ஹாவின் போனில் மஃரிபு பாங்கு கேட்டது. திரும்பிப் பார்த்தாள். கொப்பில் சால்வை இல்லை. காற்றும் இல்லை.

"என்ட சால்வையக் கண்ட ஆராச்சும்?"

எட்டுப் பேரும் தலைத் துணியை இழுத்துச் சரிசெய்தார்கள். தொழுகைக்கு வரிசையாக நின்றுவிட்டார்கள். தோளோடு தோள். இடையில் ஒரு ஆளுக்கு இடம் விடவில்லை. பொதியில் கிடந்த ஒரு பழைய துணியைப் போர்த்துக்கொண்டு அவள் பின்னால் தனியாக நின்று தொழுதாள்.

பிறகு சாப்பாடு. கொண்டுவந்த நெய்ச்சோற்றை அம்ஹா சகனில், கூடி இருந்து தின்னும் பெரிய தட்டில், போட்டாள். ஒரு சகனுக்கு நாலு பேர் என்று நஸ்லியா எண்ணினாள். "நாலு... நாலு. சரி, வாங்க." இரண்டு சகன். எட்டுப் பேரும் சுற்றி இருந்து பிஸ்மி சொல்லிக் கையை வைத்தார்கள்.

முஸ்பிறா நின்றாள். வா ராத்தா, இருங்க ராத்தா என்று அக்காவுக்கு ஒரு வாய்ச்சொல்... இல்லை. அம்ஹா அவள் நின்ற பக்கம் பார்த்தாள். பார்த்து, அவளுக்குப் பின்னால் நின்ற மரத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, இறைச்சித் துண்டைப் பிய்த்துப் பக்கத்தில் இருந்தவளுக்கு வைத்தாள்.

சரி, முஸ்பிறா நினைத்தாள். செய். நல்லாச் செய். கூட்டிக்கொண்டு வந்து எட்டுப் பேருக்கு முன்னால் என்னைச் சோத்துக்கு நிற்க வை. நாளைக்குத் துறையில் பார்ப்போம், ஆர் நிற்கிறது, ஆர் இருக்கிறது என்று.

இதுதான் அவளுடைய பிழை. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பயந்திருப்பார்கள். அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. கோபம் இருக்கிற வீட்டில் பயத்துக்கு இடம் இல்லை.

தீவின் கிழக்குப் பக்கம் ஒரு பாறை. அதில் ஏறி நின்றால் போனுக்கு இரண்டு கோடு வரும். ஏறி, வீட்டுக்கு எடுத்தாள். புருஷன் றிபாத் மூன்றாவது மணிச் சத்தத்தில் எடுத்தான்.

"ஹலோ... ஹலோ?"

"நான்தான் மச்சான்."

"ஹலோ? ஆரு?"

"நான். முஸ்பிறா. கேக்குதா?"

"ஒண்டும் கேக்குதில்ல. காத்துச் சத்தம்தான்." அவன் போனை முகத்தில் இருந்து எடுத்த மாதிரிக் குரல் தள்ளிப் போனது. "நம்பரும் விழல்ல."

அப்போது கேட்டது. அவனுக்குப் பக்கத்தில்... மிகவும் பக்கத்தில்... ஒரு பெண்ணின் குரல்.

"வெச்சிட்டு வாங்க மச்சான். சோறு ஆறுது."

பெண். அவளுடைய வீட்டில். உம்மா கல்லுக்கல்லாய்ச் சேர்த்து அவளுக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீட்டில். ஒரு இரவு, ஒரே ஒரு இரவு வெளியே வந்ததற்கு.

"ஆருடி அது? ஆருடி நீ?"

றிபாத் போனை நிறுத்தாமலே மேசையில் வைத்துவிட்டான் போல. கோப்பைச் சத்தம். கதிரை இழுபடும் சத்தம். பிறகு அவளுடைய மகள் ஹிக்மாவின் குரல், சோறு நிறைந்த வாயோடு. "மறுகா என்ன நடந்த உம்மா? கதையச் சொல்லுங்க."

உம்மா... பிள்ளை அவளை உம்மா என்று கூப்பிடுகிறது.

அந்தப் பெண் ஒரு கதை சொன்னாள். முயலும் குரங்கும். குரங்கு மாதிரியே கத்திக் காட்டினாள். றிபாத் சிரித்தான். புரையேறும் அளவுக்குச் சிரித்தான். ஒன்பது வருடத்தில் முஸ்பிறா கேட்காத சிரிப்பு. "நீங்க இப்படிக் கதை சொல்லுவீங்க எண்டு எனக்குத் தெரியாதே," என்றான். நீங்க. அவளை அவன் ஒரு நாளும் நீங்க என்றது கிடையாது.

போனில் பற்றரி முடிந்தது.

விடிய விடிய அவள் அந்தப் பாறையில் இருந்தாள். நுளம்பு ஒன்றும் கடிக்கவில்லை. அதையும் அவள் கவனிக்கவில்லை. ஒவ்வொரு பெண்ணாக நினைத்துப் பார்த்தாள். கடைக்கு வருகிறவள், மதரசாவில் படிப்பிக்கிறவள், முன் வீட்டில் குடியிருக்கிறவள். ஒருத்தியின் குரலும் பொருந்தவில்லை. ஆனால் பழக்கமான குரல். எங்கேயோ, சின்ன வயதில், பக்கத்தில் இருந்து கேட்ட குரல்... சுபஹுத் தொழுகைக்குக் கொஞ்சம் முதல் ஒரு தரம் அவளுக்கு மேல் எல்லாம் கூசியது. உடனே அந்த நினைவைத் தள்ளினாள். கூடாரத்துக்குப் போனபோது அவள் படுக்க வேண்டிய பாயில் நஸ்லியாவின் பை கிடந்தது.

காலை எட்டு மணிக்குத் தோணி திரும்பியது. இறங்கும்போது வினோஜ் ஒவ்வொருத்திக்கும் கை கொடுத்தான். எட்டுத் தரம். கையைத் துடைத்துக்கொண்டு எஞ்சினைத் தூக்கினான். முஸ்பிறா தானாக இறங்கினாள். முழங்கால் அளவு தண்ணீரில் கால் வைத்தாள். தண்ணீர் கலங்கவில்லை.

கேதீஸ்வரி கயிற்றோடு வந்தாள். ஒவ்வொருத்தியாக அவிழ்த்தார்கள். நஸ்லியா. மற்றவர்கள். ஏழு. கடைசியில் அம்ஹா. முஸ்பிறா கிட்ட வந்து பார்த்தாள்... இப்போது தேடுவாள். இப்போது முழுசுவாள்.

அம்ஹா பச்சைக் கீற்றை அவிழ்த்து, சிரித்து, கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கயிறு வெறுமையாகத் தொங்கியது.

"எட்டு," என்றாள் கேதீஸ்வரி. "ராத்தா நேத்தே அவிழ்த்திட்டா. கணக்குச் சரி. அவ சுகமாப் போய்ச் சேர்ந்தாவா தங்கச்சி?"

"ஓம் அக்கா. அறிவிச்சா."

"தோணி வெளிக்கிட்டு ஒரு பத்து நிமிசம் இருக்கும், இஞ்ச வாசல்ல நிண்டா. கால் எல்லாம் சேறு. வயித்துக்கு ஏலாம இருக்கு எண்டு சொன்னா. பிளேன்டீ குடிச்சிட்டு ஓட்டோவில ஏத்தி பஸ்ஸுக்கு விட்ட. நல்ல மனிசி. என்ட கையப் பிடிச்சிக் கதைச்சா."

"எனக்குத் தெரியும்தானே, அவ தோணியில ஏறவே இல்லையே," என்றாள் அம்ஹா. "கண்ணாடி எடுக்கப் போன. அங்கால ஆளைக் காணல்ல, இருட்டுது எண்டு தோணிய விட்ட. சிக்னல் வந்த உடனதான் இத அனுப்பியிருந்தது விளங்கின. இந்தா, கேளுங்க."

போனை அழுத்தினாள். முஸ்பிறாவின் குரல் வந்தது.

"தங்கச்சி, கோவிச்சிக்காத. வயித்தக் குழப்பின, வந்திட்டன். நீ செஞ்ச ஒழுங்கெல்லாம் வடிவா இரிந்த. நான் கொப்பியில எழுதினன், அவ்வளவுதான். செஞ்சது நீ. நீ கெட்டிக்காரி."

அம்ஹாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ட ராத்தா இப்படி ஒருநாளும் சொன்ன இல்ல. பிறந்த நாள் தொட்டு நான் காத்துக்கிட்டிருந்த சொல்லு இது."

முஸ்பிறா கத்தினாள். "நான் சொல்லல்ல. அது நான் இல்ல. இந்தா நிக்கிறன்." அம்ஹாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அம்ஹா தோளைச் சொறிந்துவிட்டு, நஸ்லியாவிடம் கயிற்றைக் காட்டினாள்.

"இந்த இடத்தப் பார். ராத்தா தள்ளிக் கட்டியிருந்தா. அவவுக்குப் பின்னால நான் கடைசியில கட்டினா மூத்த ஆளை நடுவில தள்ளின மாதிரி இரிக்கும் எண்டு, அவ விட்ட இடைவெளிக்குள்ளதான் நான் என்டதக் கட்டின. கடைசி இடம் அவவுக்கு."

கடைசி இடம் அவவுக்கு...

களப்பில் ஒரு மீன் துள்ளி விழுந்தது.

பெண்கள் பொதிகளைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனார்கள். கேதீஸ்வரி கயிற்றைச் சுருட்டினாள். சுருட்டிக்கொண்டே, கடைசி முடிச்சு இருந்த இடத்தில் விரலை நிறுத்தினாள். நிமிரவில்லை. முஸ்பிறா நின்ற பக்கம் பார்க்கவும் இல்லை. மெல்லச் சொன்னாள், அடுப்புக்குச் சொல்வது போல.

"என்னால கட்ட ஏலா பிள்ள. அவிழ்த்த கைதான் கட்டோணும். சொந்தத் துணியும் வேணும்."

குடில் கதவைச் சாத்தினாள்.

சொந்தத் துணி. முஸ்பிறா தோளைத் தடவிப் பார்த்தாள். பொதியில் எடுத்த பழந்துணி யாருடையதோ. உடுத்திருந்த அபாயா, நாத்தியிடம் இரவல் வாங்கியது. உம்மா வாங்கித் தந்த பச்சைச் சால்வை ஒன்றுதான் அவளுடையது. அதுதான் இல்லையே.

வேனில் அவளுடைய ஆசனத்தில் கூடாரப் பொதி. அதன் மேல் குந்தியிருந்து, வழியெல்லாம் நின்று நின்று, இருட்டின பிறகுதான் கல்முனைக்கு வந்து சேர்ந்தாள்.

வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. கதவு சாத்தியிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் போனாள். பொரித்த மீன் மணம். உள்ளே கதிரையில் ஹிக்மா. பிள்ளையின் தலையை வாரிப் பின்னிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி ஒருத்தி. தோளில் பச்சைச் சால்வை, வெள்ளைப் பொடிப் பூ. ஓரத்தில் ஒரு கீற்றுக் கிழிந்திருந்தது.

திரும்பினாள்.

முஸ்பிறா கண்ணாடியில் எத்தனையோ தரம் பார்த்த முகம்தான். ஆனால் புருவத்துக்கு நடுவில் இருந்த அந்தக் கோடு இல்லை. ஆறு வயதில் மைலோ கோப்பையை அளந்த நாள் தொட்டு விழுந்திருந்த கோடு. அது இல்லாத முகம் எவ்வளவு வடிவு என்று முஸ்பிறாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தபோது, அல்லாஹ் அறிவான், அவளுக்குப் பயம் வரவில்லை. அப்போதும் எரிச்சல்தான் வந்தது. தங்கையில் எரிந்ததைவிட, போனில் கேட்ட பெண்ணில் எரிந்ததைவிட, நூறு மடங்கு.

உள்ளே இருந்தவள் அவளை நேராகப் பார்த்தாள். பாவம் பார்க்கிற பார்வை. பிறகு கிட்ட வந்து, சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினாள்.

"ஏன் சாத்துற?" றிபாத் கேட்டான்.

"நுளம்பு வருது மச்சான்."

...

இவ்வளவும் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதே வளவில், பின்பக்கத்துச் சின்ன வீட்டில்தான் சித்தி லைலா இருக்கிறாள். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு அவள் குசினிக் கதவடியில் இருப்பாள். கிணற்றுப் பக்கம் இருந்து ஒரு குரல் வரும். குறை சொல்கிற குரல். ஒவ்வொரு நாளும் அதே கதை, முதலில் இருந்து. சகனில் இடம் விடாதது, வரிசையில் இடம் விடாதது, கடைசி இடம்... எல்லாம். சித்தி லைலா இதை ஒரே ஒரு தரம்தான் வெளியே சொன்னாள்.

"பெத்தவளுக்குத் தெரியாதா, எது நான் பெத்தது எண்டு? ஆனா வீட்டுக்க இரிக்கிறவள் என்ட கால் பிடிச்சி விடுறாள். தங்கச்சியக் கட்டிப் பிடிக்கிறாள். புள்ள சிரிக்குது. நான் என்ன செய்ய? கிணத்தடியில அதுகும் அழுகுது. அதுக்கும் நான்தானே உம்மா."

போன நோன்புப் பெருநாளைக்குக் கல்முனை பஸாரில் முபீனின் புடவைக் கடைக்குப் போனாள். ஊதா நிறம், மஞ்சள் கரை. ஒரே துணியில் மூன்று துண்டு கேட்டாள்.

முபீன் கத்தரிக்கோலை நிறுத்தினான். "மாமிக்கு ரெண்டு மகள்தானே?"

"வெட்டுங்க மகன். மூணும் ஒரே அளவு. ஒரு விரல் கூடக் குறைய வேணாம்."

பெருநாளுக்கு முதல் நாள் இரவு, ஒன்றை அம்ஹாவுக்குக் கொடுத்தாள். ஒன்றை வீட்டுக்குள் இருக்கிறவளுக்குக் கொடுத்தாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடி வேலியில் போட்டாள். அன்றைக்கு அந்தப் பக்கம் குரல் இல்லை. முதல் முறையாக.

அம்ஹா வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் தீவுக்குக் கூட்டிப் போகிறாள். ஒன்பது பேர். பட்டியலில் இரண்டாவது பெயர் முஸ்பிறா. "இந்தத் தரம் ராத்தாவும் கட்டாயம் வாறா," என்று எல்லாரிடமும் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

பெருநாள் காலையில் சித்தி லைலா கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தாள். துண்டு வேலியில் அப்படியே கிடந்தது. பனியில் நனைந்திருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும், பல்லால் கடித்து இழுத்த மாதிரி, ஒரு கீற்றைக் காணவில்லை.

ஒரு முடிச்சுப் போட அது போதும்.